மகளின் இடது காதில் கேட்ட இரைச்சல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பத்தாவதோடு நின்றவன் நான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எழுத்து பழக்கமில்லை என்பது ஒரு காரணம். வயசுப் பெண்ணின் காதைப் பற்றி நாலு பேர் பேசிவிடுவார்களோ என்ற பயம் பெரிய காரணம். இப்போது அவளே "எழுதுப்பா, இன்னா ஆயிடும்?" என்றுவிட்டாள். ஈசனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் அப்போது விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி வெளியூரில். படிப்புக்கு வேண்டும் என்று ஒரு ஹெட்செட் வாங்கினோம். வயர் கிடையாது. விமானத்தில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால் அதிலிருந்து பேச்சு நேரே காதுக்கு வந்துவிடும். எஞ்சின் சத்தத்தை அதுவே கேட்டு, எதிர்ச் சத்தம் போட்டு அடக்கிவிடுமாம். வீட்டுக்கு வந்த அன்றே அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தோம். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் வண்டி வந்தாலும் அப்படித்தான்.

பள்ளிக்குத் திரும்பிப் போனவள் ஒரு மாதத்துக்குள் லீவு போட்டு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. அவள் அம்மா காபி கொடுத்தபோதும் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

தரை இறங்கும் நேரத்தில் விமான நிலையக் கண்ட்ரோல் டவரிலிருந்து "இறங்காதே, சுற்றி வா" என்று சொல்லியிருக்கிறார்கள். இவளுக்குக் கேட்கவில்லை. இடது காதில் ஒரே இரைச்சல். இறங்கிக்கொண்டே போயிருக்கிறாள். பக்கத்திலிருந்த வாத்தியார் பிடியை வாங்கி விமானத்தை மேலே தூக்கியிருக்கிறார். ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றிருந்ததாம்.

"செட்டுல கோளாறுன்னு சொன்னேம்பா. அவர் மாட்டிப் பாத்தாரு, ஆபீஸ் ரூம்ல. நல்லாத்தான் கேக்குதுன்னுட்டாரு. காதை செக் பண்ணிட்டு வான்னு அனுப்பிட்டாரு."

"அவ்ளோதானே, அடையாறுல டாக்டர்கிட்ட காட்டிடலாம், கண்ணு."

"காதுல குறைன்னு டாக்டர் எழுதிட்டா நான் மறைக்க முடியாதுப்பா. மெடிக்கல் சர்ட்டிபிகேட் போயிடும். அப்புறம் பறக்கவே விடமாட்டாங்க."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஈசனே, குறை அந்தச் செட்டில் இருக்கட்டும், என் பிள்ளையிடம் இருக்க வேண்டாம் என்றுதான் வேண்டினேன். அடையாறு டாக்டரிடம் மறுநாள் மாலைக்கு நேரம் வாங்கியிருந்தோம். அதற்குள் செட்டைப் பார்த்துவிட வேண்டும்.

காலையில் போனில் பார்த்துப் பார்த்து மகள் எல்லாம் செய்தாள். பேட்டரி மாற்றினாள். பெட்டியோடு இருந்த இணைப்பை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தாள். சிவப்பு விளக்கு சிமிட்டி, பச்சை வந்தது. என் போனோடு சேர்த்துப் பேசிப் பார்த்தோம். இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டது. அது எங்களுக்குச் சந்தோஷம் தரவில்லை. செட் நன்றாக இருந்தால் குறை காதில் என்றுதானே ஆகும்.

தி.நகரில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார். திருவல்லிக்கேணிக்காரர். போன், ஹெட்செட் எல்லாம் பழுது பார்ப்பவர். நான் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடி அறைக்குள் வைத்து வெகுநேரம் பார்த்தார். காதுப் பஞ்சைக் கழற்றித் துடைத்தார். பாட்டுப் போட்டுக் கேட்டார். என்னிடம் நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"நைனா, செட்டுல ஒண்ணியும் இல்ல. ரெண்டு பக்கமும் ஜோரா பாடுது. தப்பா நெனச்சுக்காத, பாப்பா காதக் காட்டிடு."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாய் சொன்னதை வீட்டில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் என் மனைவி மாவு மிஷினைப் போட்டாள். கடைக்கான பெரிய கிரைண்டர். போட்டால் சந்து முழுக்க அதிரும். மகள் திடீரென்று வெளியே வந்தாள்.

"ப்பா, வாத்தியாரு, பாய் எல்லாரும் சத்தம் இல்லாத எடத்துலதானே கேட்டாங்க? இதுகிட்ட வெச்சுப் பாக்கலாம்."

செட்டைத் தன் போனோடு சேர்த்து மாட்டிக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் நின்றாள். நான் தெருமுனைக்குப் போய் போனில் பேச வேண்டும். டவர்காரர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவதுதான் அவர்கள் வழக்கம். எனக்குத் தெரிந்தது மாவு ஆர்டர்தான்.

"மாடி வூட்டு அம்மாவுக்கு இட்லி மாவு ரெண்டு, அடை மாவு ஒண்ணு. மெஸ்ஸுக்கு தோசை மாவு நாலு."

"மாடி வீட்டம்மா… இட்லி மாவு… ப்பா, அப்புறம் இன்னா? எடது காதுல 'ஓ'ன்னு வருதுப்பா."

நான் ஓடி வந்தேன். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சத்தம் இருக்கும் இடத்தில் இடது காதில் இரைச்சல். காதா, கருவியா என்பது தெரியவில்லை.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"கம்மல் போட்டுக் காது புண்ணானா இன்னா பண்ணுவோம்? அடுத்த காதுக்கு மாத்திப் போடுவோம். கம்மலோட புண்ணும் அந்தக் காதுக்குப் போனா கம்மல்தான் மோசம். இதையும் திருப்பி மாட்டுடி."

மகள் திருப்பவில்லை. செட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். திருப்பினால் தெரிந்துவிடும். இரைச்சல் வலது காதுக்குப் போனால் பிழைத்தோம். இடது காதிலேயே நின்றால் எல்லாம் முடிந்தது. நான் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவள் அம்மாவே வாங்கி, திருப்பி, பிள்ளை தலையில் மாட்டிவிட்டாள். வாய்க்கு முன்னால் வரவேண்டிய மைக் குச்சி பின்மண்டையில் போய் நின்றது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"வலது பக்கம்," என்றாள். "ம்மா, இப்ப வலது பக்கம் கேக்குது."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

பிறகு போனில் படம் போட்டுத் தேடினாள். வெளிச் சத்தத்தைக் கேட்பதற்கென்று காதை மூடும் இரண்டு கிண்ணத்திலும் வெளிப்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை உண்டு. வலதில் இருந்தது. இடதில் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் சந்தனம் காய்ந்து, அதன் மேல் குங்குமம் உட்கார்ந்திருந்தது. துளை அடைபட்டதால் அந்தப் பக்கம் வெளிச் சத்தத்தைக் கேட்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை. பட்டன்கள் வலது பக்கம் இருந்ததால் இடது பக்கமாகப் பார்த்து வைத்த பொட்டு. பள்ளியில் கூடப் படித்தவர்கள் கிண்டல் பண்ணியும் மகள் அதை அழிக்கவில்லை. வாத்தியாரும் தொடவில்லை. பாய்க்கு போன் போட்டுக் கேட்டேன்.

"சாமிப் பொட்டு வெச்சுக்கிறீங்க, அத எப்டி நைனா நான் தொடைக்கிறது? சுத்தி மட்டும் தொடச்சேன். உன் சாமி கோச்சுக்கினா நான் இன்னா பதில் சொல்றது?"

அவரை என்ன சொல்ல முடியும். எனக்கே கை போகவில்லை. மகள் என்னைப் பார்த்தாள், நான் மனைவியைப் பார்த்தேன்.

"இன்னா ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க? தெனம் காலைல சாமிக்குப் பழைய சந்தனத்தை எடுத்துட்டுத்தானே புதுசு வெக்கறோம்?" என்றாள் அவள். பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய பிரஷ்ஷால் துளையில் இருந்ததைத் தட்டித் தட்டி எடுத்தாள்.

நான் மறுபடி தெருமுனைக்குப் போனேன். இந்த முறை வேண்டுமென்றே ஆறேழு வீட்டு ஆர்டரைச் சேர்த்துச் சொன்னேன். ஒன்று விடாமல் திரும்பி வந்தது. "மெஸ்ஸுலேர்ந்து நேத்து பாக்கி பாத்திரம் வர்ல, அதையும் கேளுப்பா" என்று அவளாகவே சேர்த்தும் சொன்னாள்.

அடையாறு டாக்டரிடமும் போனோம். அவள்தான் போகலாம் என்றாள், இனிப் பயமில்லையாம். இரண்டு காதும் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் பள்ளிக்குத் திரும்பி, வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஒரு சுற்று பறந்து இறங்கினாள். கீழே வந்ததும் எங்களைக் கூப்பிட்டு, டவர் சொன்னதையெல்லாம் வரிக்கு வரி சொல்லிக் காட்டினாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முழுவதும் கேட்டோம்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விமானம் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். சாமி வந்து காப்பாற்றினார் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். பொட்டு வைத்ததால் வந்த வினை என்று திருப்பவும் வேண்டாம். நாங்கள் இன்றும் பொட்டு வைக்கிறோம், துளை பார்த்து வைக்கிறோம். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், போதும்.