சாகுல் கேட்க வந்த பேச்சு

போன ஞாயிற்றுக்கிழமை என் கூட்டாளி சாகுலுக்குச் சால்வை போர்த்தி, கைகூப்பி, படியிறக்கி விட்டோம். அவமானப்படுத்தி அல்ல... முழு மரியாதையோடு! அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நாங்கள் ஒன்பது பேர் கூடுகிறோம். தியாசபிக்காரர்கள். 'அது என்ன கட்சி?' என்று கேட்டுவிடாதீர்கள். எல்லா மதத்துக்கு உள்ளேயும் இருப்பது ஒரே உண்மை, மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் — இதுதான் கொள்கை. கர்மா, மறுபிறவி, கண்ணுக்குத் தெரியாத சூட்சும உடம்பு என்று படிப்போம், பேசுவோம். பூசாரி கிடையாது, உண்டியல் கிடையாது. அலமாரி நிறையப் புத்தகமும், கூட்டம் முடிந்ததும் ரசவடையும் உண்டு. ஒரு காலத்தில் வக்கீலும் ஹெட்மாஸ்டருமாக நிரம்பி வழிந்த அறையாம். இப்போது அங்கே இளைஞன் நான்தான். வயது அறுபத்து நாலு!

எங்களுக்கு ஒரு பழக்கம். விசேஷக் கூட்டம் என்றால், எல்லா மதப் பிரார்த்தனையையும் வரிசையாகச் சொன்ன பிறகுதான் பேச்சு. அந்தந்த மதத்துக்காரரே சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டில் பார்சிக்காரருக்கு எங்கே போவது? பார்சி, ஜைனம், பௌத்தம் மூன்றையும் எங்கள் செயலாளர் தாணுலிங்கம் சாரே வாசித்துவிடுவார். மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கேயும் சப்ளை நிற்கக் கூடாது அவருக்கு. கிறிஸ்தவத்துக்கு கிரேஸ் டீச்சர் இருக்கிறார். இஸ்லாத்துக்கு இருந்தவர் மகனோடு துபாய்க்குப் போய்விட்டார்.

"கோட்டாத்துல ஒமக்கு ஒரு கூட்டாளி உண்டும்லா? இந்த வாட்டி அவரைக் கூட்டிட்டு வாரும்வே," என்றார் தாணுலிங்கம் சார்.

சாகுலும் நானும் காலேஜில் ஒரே பெஞ்ச். கோட்டாறு மார்க்கெட்டில் பலசரக்கு மொத்த வியாபாரம். அவன் மனைவி மும்தாஜ் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மூச்சுத் திணறல்... கடைசி ஒரு மாதம் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகு சாகுலுக்குக் கடை, பள்ளிவாசல், வீடு. வேறெங்கும் போவதில்லை. வர மாட்டான் என்று நினைத்துக்கொண்டேதான் போன் போட்டேன்.

"அன்னைக்கு என்ன பேச்சு மக்கா?" என்று கேட்டான்.

"மரணத்துக்குப் பின் மனிதன். நான்தான் பேசுகேன்."

கடைக்கு வந்த யாரையோ 'பொறவு வாங்க' என்று அனுப்பிவிட்டுச் சொன்னான்.

"வாறேன். நீ பேசி முடிக்கிய வரைக்கும் இருக்கலாம்லா?"

"இதென்ன கேள்வி? தாராளமா இருலே!" என்றேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன்.

வந்தான். வெள்ளைச் சட்டை, தொப்பி, முன்வரிசை. அவன் முறை வந்ததும் எழுந்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதினான். என்ன குரல்! அறையே அடங்கிவிட்டது. அவன் ஓதி முடித்த மறுநொடி தாணுலிங்கம் சார் சால்வையோடு பாய்ந்தார்.

"பாய்க்குத் தொழுகைக்கு நேரமாயிரும். நாம பிடிச்சு வைக்கப்பிடாது. வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்!"

சாகுல் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்கள்? குறிப்புக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் பக்கத்தைக் காணவில்லை. அந்தப் பதற்றத்தில், சிரித்தபடி தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

அவன் இறங்கிப் போனான். பொழுது சாய்ந்து தொழுகிற மக்ரிப் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

முக்கால் மணி நேரம் பேசினேன். செத்த பிறகு ஆசைகள் கரைகிற காமலோகம், அதற்கு மேலே தேவலோகம், அதில் இத்தனை படி, இதில் இத்தனை படி... கைதட்டல். பிறகு ரசவடை. வாயில் வைக்கும்போது கிரேஸ் டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"சார், உங்க ஃப்ரெண்டு வந்த உடனே எங்கிட்ட கேட்டாரு. பேச்சு முடிஞ்சா கேள்வி கேக்க விடுவாங்களான்னு. நீங்க என்னத்துக்கு அவரைப் போக விட்டிய?"

வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

தாணுலிங்கம் சாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மனசில் கள்ளம் கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்... 'எல்லாரும் ஒரே குடும்பம்' என்று சொல்கிற நாங்கள், ஒரு மனிதனைக் கூப்பிட்டு, அவன் மதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவனுக்கும் கேட்க ஒரு கேள்வி இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே! சீ, என்றாகிவிட்டது.

மறுநாள் காலை கோட்டாற்றுக்குப் போனேன். மல்லி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"கோவமாலே?"

"கோவம் என்னத்துக்கு? அந்தச் சாருக்கு நல்ல மனசுதான். இரு, சாயா சொல்லுகேன்."

"தப்பு எனக்கதுதான் மக்கா. என்ன கேக்கணும்னு வந்த? இப்ப கேளு."

நான் தயாராகத்தான் போயிருந்தேன். காமலோகத்திலிருந்து ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அந்த லோகமெல்லாம் கெடக்கட்டும்டே. ஒண்ணே ஒண்ணுதான். அவளுக்கு அங்க மூச்சு வாங்குமா... வாங்காதா?"

நாலாம் பக்கம் கிடைத்திருந்தாலும் அதில் இது இல்லை.

"வாங்காது," என்றேன். "நோவெல்லாம் இந்த உடம்போட தீந்து போச்சு. எங்க புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"பள்ளிவாசல்ல ஹஜ்ரத்தும் அதைத்தான் சொன்னாரு."

"பொறவு என்னத்துக்குலே எங்கிட்ட கேக்க?"

சாகுல் மூட்டையில் ஒட்டியிருந்த சணல் நாரைக் கிள்ளிக்கொண்டே சொன்னான். "அவரு அவளைப் பாத்ததே இல்லையே மக்கா. அவ மூச்சுக்குக் கெடந்து துடிச்சத நீ பாத்திருக்கல்லா... நீ சொல்லு."

புத்தகத்தை விட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னேன் — "வாங்காதுடே."