ஸ்டெல்லா அக்காவின் முதல் பாட்டு

பத்தாவதோடு படிப்பை விட்டவன் எழுதத் துணிந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் காக்ஸ் டவுனில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். ஸ்டெல்லா அக்கா ஓட்டலில் ஆங்கிலப் பாட்டு, கல்யாணத்தில் கன்னடப் பாட்டு, சோப்புக்கு விளம்பரப் பாட்டு என்று எல்லாம் பாடுவார். அந்த வருமானத்தில் ஸ்டூடியோ பிடித்து, தானே எழுதி மெட்டமைத்த ஆறு தமிழ்ப் பாட்டுகளைப் பதிந்தார். இருந்த ஒரே கேசட்டைப் பிரதி எடுக்க என்னிடம் தந்தார்.

அதன் மேல் வேறு எதுவும் பதியாமலிருக்க, கேசட்டின் விளிம்பிலுள்ள பிளாஸ்டிக் துண்டை முதலில் உடைக்க வேண்டும். நான் உடைக்கவில்லை. அவருடைய கேசட்டையும் வெற்றுக் கேசட்டையும் மெஷினில் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். முதல் பாட்டு முழுதும் அழிந்தபிறகே கவனித்தேன்.

"டேப்பு சரியில்லக்கா" என்றேன்.

அக்கா விளிம்பில் உடையாமலே இருந்த அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தார். "பொய் சொல்லக்கூட வரல உனக்கு. மைக்க எடுப்பா."

"இங்கயா? பஸ் சத்தம் வருமேக்கா."

"வரட்டும். பஸ்ஸும் என் கூடப் பாடட்டும்."

ஸ்டூலில் உட்கார்ந்து, தோளில் மாட்டி வந்திருந்த கிட்டாரோடு ஒரே மூச்சில் பாடினார். அழிந்ததைவிட நன்றாக இருந்தது. "நான்தான்க்கா அழிச்சேன்" என்று அதன்பிறகுதான் எனக்குச் சொல்ல வந்தது. கோபப்பட எல்லா நியாயமும் இருந்தவர், பாடத்தான் செய்தார். அப்படி ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி விழாவுக்குப் பாடப் போனார். நான் பிரதி எடுத்தேன்.