செண்பகம் அக்கா உட்கார்ந்து பார்த்த கார்கள்

தொலைபேசியில் பெரியத்தானின் குரலைக் கேட்டதுமே கண்ணால் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டேன். பெரியத்தான் என் கணவரின் அண்ணன். கடையில் யாரையாவது எண்ணைச் சுழற்றச் சொல்லி, தம்பியைக் கூப்பிடச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அன்று காலை அவரே பேசினார். "மீனா, ஒங்க அக்கா எந்திரிக்க மாட்டேங்கா" என்றார்.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து தி.நகர் போய்ச் சேரும்வரை ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டே போனேன். "இன்னாம்மா, சிக்னல்ல பறந்து போவச் சொல்றியா?" என்று அவர் அலுத்துக்கொண்டார். போய் எதையும் தடுத்துவிட முடியாதென்று தெரிந்தும் விரட்டினேன். என் சுபாவம் அப்படி. உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டேன். இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து எத்தனை முறை எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது. அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் "பைய போகச் சொல்லுட்டி" என்றிருப்பார். மெதுவாக என்பதைத்தான் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'பைய' என்போம்.

செண்பகவல்லி என்கிற செண்பகம் அக்கா எனக்கு ஓரகத்தி. பெரியத்தானின் மனைவி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாங்க." கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. உண்மைதான், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் அது அவருக்கு என்ன விலையாக முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே பாத்திரக் கடை, மேலே வீடு. மாமா என்று அக்கா அழைத்த எங்கள் மாமனார் அப்போதே காலமாகியிருந்தார். விடிந்தது முதல் கீழே பித்தளையும் எவர்சில்வரும் மோதிக்கொள்ளும் சத்தம். அந்த வீட்டில் யாரும் யாரோடும் கத்தித்தான் பேசுவார்கள். அக்கா மட்டும் கத்தமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, நாம் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு சொல்வார். எனக்கோ பொறுமை கிடையாது. "சீக்கிரம் சொல்லுங்கக்கா" என்பேன். "நீ முதல்ல நில்லு, சொல்லுதேன்" என்பார்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று உண்டாகிக் கலைந்துபோனது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். எனக்கும் அடுத்தடுத்து இரண்டு நிற்கவில்லை. மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது, மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கப்படி என் கணவருக்கும் அக்காவுக்கும் மட்டுமே சொன்னேன். அடையாறில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். "அலைச்சல் கூடாது, குலுக்கல் கூடாது. ஆனா செக்கப்புக்குத் தவறாம வரணும்" என்றார். எங்கள் வீட்டுப் பழைய காரில் ஏறினால் குலுங்காமல் இருக்க முடியுமா? கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒரு கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம்.

அதே சமயம்தான் பெரியத்தான் பெரிய கார் வாங்கப்போவதாகச் சொன்னார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புதிது புதிதாக வண்டிகள் வந்துகொண்டிருந்தன. எதிர்த்த ஜவுளிக் கடைக்காரர் நீளமாக ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். பெரியத்தானுக்குத் தூக்கம் போய்விட்டது. எதுவும் கேட்காத அக்கா, ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "நானும் மீனாவும் ஏறிப் பாத்துட்டுத்தான் வாங்கணும்" என்றார். பெரியத்தான் சிரித்துவிட்டார். "நீ என்னத்தப் பாப்ப? சீட்டு கலரா?" என்றார். "ஆமா, பின்சீட்டு. நாங்க அங்கதான இருப்போம்" என்றார் அக்கா.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். அது மார்கழி மாதம். மயிலாப்பூரில் சபாக்களில் கச்சேரி நடக்கும் நேரத்தில் வெளியே வரிசையாகப் பெரிய பெரிய கார்கள் நிற்கும். ஓட்டுநர்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார், பாட்டுக் கேட்க என்று வீட்டில் சொல்லிவிட்டு. உள்ளே போகவே இல்லை. வெளியே நின்று ஒவ்வொரு ஓட்டுநரிடமும், "தம்பி, மழையில நிக்காம எது போகும்?" என்று கேட்டார்.

"பளபளன்னு கீதேன்னு ஏமாந்துறாதம்மா. இந்த நீட்டு வண்டி தண்ணியப் பாத்தா நின்னுக்கும். நானு தள்ளிக்கினு போயிருக்கேன்" என்றார் ஒருவர். "அவனுக்கு ஓட்டத் தெரியாதும்மா, எந்த வண்டினாலும் தள்ளிக்கினுதான் போவான்" என்றார் இன்னொருவர். அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. நான் தவித்துக்கொண்டிருந்தேன், அக்கா நிதானமாக நின்று, யாருமே குறை சொல்லாத வண்டி எது என்று மட்டும் கவனித்துக்கொண்டார். அது பார்க்க லட்சணமில்லாத, குண்டான வண்டி. களிமண் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஆனால் பெரியத்தான் மனத்தில் வேறு வண்டி இருந்தது. கருநீல நிறம், டீசல். கிட்டத்தட்ட வாக்குக் கொடுத்தே விட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிப்பார்க்க எல்லோரும் ஏறினோம். விற்பனைக்காரர் ஓட்ட, பக்கத்தில் பெரியத்தான், பின்னால் அக்காவும் நானும். அக்கா மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் கடை டம்ளர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியவை. பாத்திரக் கடைக்காரர்களுக்கு இது புரியும். சரக்கு வண்டி சந்து முனையில் திரும்பும்போதே அடுக்குக் குலுங்கும் சத்தத்தை வைத்து, நசுங்கியிருக்கிறதா இல்லையா என்று கடைக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள்.

மந்தைவெளி தாண்டி, தோண்டிப்போட்ட ஒரு தெருவில் வண்டி இறங்கியது. பெரியத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பூரித்துப்போய்த் திரும்பினார். "பாத்தியா, ஒரு டம்ளராவது பேசுதா? மெத்தையில போற மாதிரி இருக்குல்லா?"

"கைய வச்சுப் பாருங்க" என்று அக்கா பையை நீட்டினார். பெரியத்தான் தொட்டுப் பார்த்தார். உள்ளே டம்ளர்கள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. "எஞ்சின் போடுற சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல" என்றார் அக்கா.

"மேடம், ஏசியைப் போட்டு மியூசிக்கும் போட்டுட்டா எதுவுமே கேக்காது" என்றார் விற்பனைக்காரர் பெருமையாக.

"அதுதான் எனக்குப் பயம்" என்றார் அக்கா.

பெரியத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. வண்டியின் வேகத்தைப் பற்றி விற்பனைக்காரரிடம் பேசத் தொடங்கினார். நானோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அக்கா, தன் வழக்கமான குரலில், "நிறுத்துங்க" என்றார். முன்னால் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். "நிறுத்துங்க" என்றார் மறுபடியும். வண்டி நிற்கவில்லை. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அத்தான், அக்கா நிறுத்தச் சொல்லுதாங்க, கேக்கலியா?" என்று கத்தினேன். வண்டி நின்றது.

"என்ன, தல சுத்துதா? சத்தமாச் சொல்ல வேண்டியதுதான?" என்றார் பெரியத்தான்.

அக்கா டம்ளர் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, விற்பனைக்காரர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கும் இப்படித்தான். நீங்க சரக்கெடுக்கப் போயிருந்தீக. வலிக்குதுன்னு மாமா என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. மாமா முன்னால, நான் பின்னால. ஒவ்வொரு குழியிலயும் உயிர் போச்சு. நிறுத்துங்கன்னேன். பைய போங்கன்னேன். வண்டிச் சத்தத்துல அவுகளுக்குக் கேக்கல. மாமா முன்னால எப்படிக் கத்துவேன்? ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருந்தது."

குலுங்கியதால்தானா அப்படி ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டர்கள் வேறு சொல்லலாம். அக்கா அப்படித்தான் நம்பினார். அத்தனை வருஷமாக அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, தன் கணவரிடம்கூட. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெரியத்தான் கதவைத் திறந்து இறங்கி, நடைபாதையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விற்பனைக்காரர் பாவம், கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பெரியத்தான் திரும்பி வந்தபோது அக்கா இன்னொன்றும் சொன்னார். "இப்ப மீனா உண்டாயிருக்கா. சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தோம்."

அடுத்த வாரம் களிமண் நிற வண்டியை ஓட்டிப்பார்க்கப் போனோம். பெரியத்தான் எங்களைக் கேட்காமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். "நீ முன்னால போ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அதே மந்தைவெளித் தெரு. வாழ்நாள் முழுக்கக் கடையில் நின்று கத்திக் கத்திக் கரகரத்துப்போன தொண்டையைச் சின்னதாக்கிக்கொண்டு, "நிறுத்துங்க" என்றார் பெரியத்தான். அக்கா உடனே திரும்பிப் பார்த்தார். "கேட்டுதா?" என்றார் இவர். "கேட்டுது" என்றார் அவர். அந்த வண்டியையே வாங்கினோம். கடை ஆட்கள் அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்தார்கள். எதிர்த்த கடைக்காரர் வந்து துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த எருமையில்தான் மாதாமாதம் அடையாறுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அக்கா கூட வந்தார். எட்டாம் மாதம், ஆடியில், இரவெல்லாம் மழை கொட்டியிருந்த ஒருநாள் காலை, வலி வந்துவிட்டது. சுரங்கப்பாதைகளில் எல்லாம் தண்ணீர். நந்தனம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். சாலையோரமெல்லாம் வண்டிகள் நின்றுபோய்க் கிடந்தன. எங்கள் வண்டி நிற்கவில்லை. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. "வேகமாப் போகச் சொல்லுங்க, வேகமாப் போகச் சொல்லுங்க" என்று அரற்றினேன். அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பைய. நேரமிருக்கு. ஒன் பிள்ள அவசரப்படல, நீதான் அவசரப்படுத" என்றார். ஓட்டியவர் திரும்பிப் பார்க்காமலே, "சரிம்மா, பையவே போறேன்" என்றார். அன்று மத்தியானம் நித்யா பிறந்தாள். எடை குறைவு. ஆனாலும் உரக்க அழுதாள்.

அவளை வளர்த்தது அக்காதான் என்று சொன்னால் மிகையில்லை. நாங்கள் தனிக்குடித்தனம் வந்த பிறகும் சனி, ஞாயிறு அங்கேதான். "பெரியம்மா எனக்கு ஊட்டினா விக்காது, நீ ஊட்டினா விக்கும்" என்பாள். என் அவசரத்துக்கு அது சரியான குட்டுத்தான். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

தொலைபேசி வந்த அன்று மாலை அக்காவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்து நிறைய மல்லிகை. பெரியத்தான் தூணோரமாக நின்றார். காரியம் செய்விக்க வந்தவர், அரிசித் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, "வாய்க்கரிசி போடணும். பெத்த பிள்ளைங்க முதல்ல வாங்க" என்று பொதுவாகக் குரல் கொடுத்தார். அவருக்குத் தெரியாது. யாரோ ஒருவர் அவர் காதில், "அவங்களுக்குப் புள்ள இல்லீங்க" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

அதுவரை இங்கும் அங்குமாக அலைந்துகொண்டிருந்த நான், நித்யாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினேன். "இருக்கா. இவதான்" என்றேன். பெரியத்தான் தலையசைத்தார்.

அக்கா, உங்களுக்கு விடை கொடுக்க எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. இவளைத்தான் கொடுத்தேன்.

நித்யா தாம்பாளத்திலிருந்து அரிசியை எடுத்தாள். "நல்லா கை நிறைய எடு கண்ணு" என்றார் காரியம் செய்விக்க வந்தவர். அவள் கேட்கவில்லை. விரல் நுனியில் நாலைந்து மணிகளை மட்டும் எடுத்து, பெரியம்மாவின் உதட்டில் வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சமாத்தாம்மா வச்சேன். பெரியம்மாக்கு விக்கும்" என்றாள்.