பிரேக் மிதிக்கும் கால்

கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிச்செல்லும் ஜீப்பை இருபது வருடம் ஓட்டியவன் நான். ஒரு சாயங்காலம், வண்டி நிறையப் பெண்களோடு இறங்கிவரும்போது கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாகத்தான் நினைத்தேன். வலது கால் பெடல்மேல் சும்மா கிடந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கமாக உரசி நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. "என்னண்ணே, டீ குடிக்கவா நிப்பாட்டுனீக?" என்று ஒருத்தி கேட்டாள்.

இறங்கப் பார்த்தேன். கால் மடங்கியது.

மூளைக்கு ஸ்கேன், முதுகுத்தண்டுக்கு ஸ்கேன். எதிலும் ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷப்பட வேண்டுமாம்! ஓடாத வண்டியைப் பார்த்து மெக்கானிக் "எல்லாம் நல்லாருக்கு" என்றால் யாருக்காவது சந்தோஷம் வருமா? ஜீப் ஸ்டாண்டில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "மேட்டுல ஏறப் பயந்துக்கிட்டு நடிக்கிறான்யா" என்றானாம் ஒருத்தன். எனக்குக் கொதித்தது. அதைவிடப் பயமாகவும் இருந்தது. வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

கடைசியில் நானும் என் மனைவியும் தேனியில் ஒரு நரம்பியல் டாக்டரம்மாவிடம் போனோம். முழங்காலில் தட்டினார், உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். பிறகு என்னைப் படுக்கவைத்து, என் வலது குதிகாலுக்கு அடியில் என் மனைவியின் உள்ளங்கையை வைக்கச் சொன்னார்.

"வலது கால கீழ அமுக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, அத விடுங்க. இடது கால மேல தூக்குங்க. நான் தடுப்பேன், விடாமத் தூக்கணும்."

தூக்கினேன். என் மனைவி திடுக்கிட்டுப் போனாள். "டாக்டரம்மா, வலது கால் அமுக்குது! நல்லாவே அமுக்குறாக!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்போ இத்தனை நாளும் என்னை ஏமாத்துனீகளா என்று கேட்கிற பார்வை.

டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார். "நடிப்பு இல்லம்மா. கால்ல பலம் இருக்கு, நரம்பும் அறுந்து போகல. அமுக்கணும்னு இவரு நெனச்சா அந்த உத்தரவு போய்ச் சேரமாட்டேங்குது. நெனப்பு வேற பக்கம் இருந்தா தானாப் போயிருது. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லங்கிறதுக்காக இதச் சொல்லல. இந்தக் கால் இப்பக் காட்டுச்சே, அத வச்சுச் சொல்றேன். இதுக்குப் பேரு செயல்பாட்டு நரம்பியல் கோளாறு."

"சரியாயிருமா?" என்று கேட்டேன்.

"நெறையப் பேருக்கு ஆகும். நாளாகும். பயிற்சிதான் மருந்து."

"வண்டி?"

"இப்ப வேணாம். நான் பாத்துச் சொல்ற வரைக்கும் தொடக்கூடாது."

பயிற்சிக்குப் போனேன். பின்பக்கமாக நடக்கவைத்தார்கள், பந்தைப் பிடித்துக்கொண்டே நடக்கவைத்தார்கள். அங்கே நன்றாக வரும் கால் வீட்டுக்கு வந்தால் விறைத்துவிடும். ஏன் என்று பயிற்சி கொடுத்தவர்தான் கண்டுபிடித்தார். மலையிறங்கும் முன் டிரைவர்கள் நாங்கள் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்துப் பார்ப்போம். அதே பழக்கத்தில் நான் எழும் முன், நடக்கும் முன், சாப்பிட்டு முடித்ததும், காலை அழுத்திச் சோதித்துக்கொண்டே இருந்தேன். "அதாங்க உங்க வியாதிக்குத் தீனி. சோதிக்காதீங்க" என்றார். சொல்வது சுலபம். வேலை செய்யுமா செய்யாதா என்று தெரியாத காலைச் சோதிக்காமல் ஒரு டிரைவரால் எப்படி இருக்க முடியும்?

இரண்டு மாதம் ஆனது. ஜீப்பை என் மச்சினன் ஓட்டினான். மனசு கேட்காமல் தினமும் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன். ஒரு நாள் ஜீப் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன், ஒருத்தியின் தூக்குவாளி கீழேயே இருந்தது. மத்தியானச் சோறு. "ஏலே, நிப்பாட்டுலே!" என்று கத்திக்கொண்டு அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடினேன்! கம்பு எங்கேயோ கிடந்தது. ஜீப்பை எட்டிப் பிடித்த பிறகுதான் அது உறைத்தது. பெண்கள் கைதட்டினார்கள். மச்சினன் இறங்கி வந்து சாவியை நீட்டினான். "ஏறுங்க மச்சான்!"

"அப்ப ரெண்டு மாசமா சும்மாதான் இருந்தாகளா?" என்று தூக்குவாளிக்காரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

சாவியை வாங்கக் கை துடித்தது. ஏறி உட்கார்ந்துவிட்டால் எல்லார் வாயும் அடைபட்டுவிடும். ஆனால் வளைவு வந்தால் நான் காலை நினைப்பேன். நினைக்காமல் இருக்கமாட்டேன்.

"ஓடுனது நெசந்தான் ஆத்தா. ஓட முடியாம இருந்ததும் நெசந்தான். உங்கள ஏத்திக்கிட்டு மேட்டுல ஏற இந்தக் கால நான் இன்னும் நம்பல" என்றேன். அவள் தூக்குவாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் போய்விட்டது.

ஓடிவந்த அந்த ஐம்பதடியைத் திரும்பி நடக்க, ஸ்டாண்டு டீக்கடைக்காரர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.