ராசியான வாசல்

டத்தோ கிராமாட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவள் ஜெகதீஸ்வரி. இயக்குநர் திருநாவுக்கரசு அண்ணன் என்றால் அவளுக்குக் கொஞ்சம் அதிகப்படியான மரியாதை. இருக்காதா பின்னே? டிவிக்காக அவர் எடுத்த மூன்று படங்களும் ஓடு ஓடு என்று ஓடின.

சினிமாக்காரன் சென்டிமென்ட் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது. எந்தக் கதையானாலும் அவர் படத்துக்கு ஆரம்பம் ஒன்றுதான். ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போனால் பாகான் டாலாமில் ஆளில்லாத ஒரு பலகை வீடு, சாத்திய கதவு. உள்ளேயிருந்து யாராவது அதைத் திறந்து வெளியே பார்ப்பார்கள், படத்தின் பெயர் விழும். திறப்பவர் அதற்கு முன் கேமரா பக்கமே வந்திருக்கக் கூடாது. பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் ஷாட்டாக அதைத்தான் எடுப்பார். ராசியான வாசல் என்று, அந்தக் கதவைத் திறக்க நம் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வாய்ப்புக் கேட்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போனதிலிருந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்த தம்பி ஹரீஷுக்காக ஜெகதீஸ்வரியும் கேட்டாள்.

"அண்ணே, இந்த வாட்டி என் தம்பிக்குக் குடுங்கண்ணே. அவனுக்கும் ஒரு வழி பொறக்கட்டும்."

கொடுத்துவிட்டார். படப்பிடிப்பன்று காலை ஹரீஷ் புதுச்சட்டை போட்டு, விசில் அடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். அவன் விசில் அடித்துக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

இவள் காப்பியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பழைய மூன்று ஆரம்பங்களையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்து, விளம்பரத்துக்கு ஒரு வீடியோ செய்து தரச் சொல்லியிருந்தார் அண்ணன்.

முதல் படத்தில் கதவைத் திறந்தது பச்சைப் புடவையில் நவமணி அக்கா. அவர் பின்னால் இருட்டுக் கூடம், சுவரோரமாக நாற்காலிகள். எல்லாம் காலி. இரண்டாவது படத்தில் திறந்தது ராமதாஸ் அண்ணன். பின்னால் ஒரு நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தக் கழுதை இது, ஷாட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு?" என்று திட்டிக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டினாள்.

நவமணி அக்கா. அதே பச்சைப் புடவை.

ஜெகதீஸ்வரி படத்தை அங்கேயே நிறுத்தினாள். முதல் படம் வந்த கையோடு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவர் நவமணி அக்கா. அவருடைய காரியத்துக்கு இவளே போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறாள்.

மூன்றாவது படத்தில் சுபாஷினி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் நவமணி அக்காவும், பக்கத்து நாற்காலியில் ராமதாஸும். இரண்டாவது படம் வந்த பிறகு பாலத்தில் லாரி மோதிச் செத்தவர் ராமதாஸ். சுபாஷினியைத் தைப்பூசத்துக்கு அப்புறம் காய்ச்சல் கொண்டுபோனது. அடப்பாவி மனுஷா, இதுவா உன் ராசி!

ஹரீஷுக்குப் போன் அடித்தாள், இயக்குநர் அண்ணனுக்கு அடித்தாள். ஷூட்டிங்கில் போனை அணைத்துவைப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. போட்டிருந்த வீட்டு உடுப்போடு ஓடிப்போய் ஃபெர்ரி ஏறினாள். ராகுகாலம் முடியட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டுமே, முருகா, காத்திருக்க வேண்டுமே என்று அந்தக் கடல் முழுக்க வேண்டிக்கொண்டாள்.

காத்திருந்தார். இவள் பின்வாசல் வழியாக நுழைந்தபோது ஹரீஷ் தாழ்ப்பாளில் கை வைத்து நின்றான். கூடத்து நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன, தூசிகூடக் கலையாமல். இன்றைக்கு இவனை இழுத்துக்கொண்டு போனாலும் நாளைக்கு இவனே திரும்பி வருவான், பிடிவாதக்காரன். என்ன செய்வது?

"ஆக்‌ஷன்!" என்றது வெளியே அண்ணன் குரல்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. யாருக்கோ இடம் ஒதுக்குவது போல.

திரும்பிப் பார்க்கவில்லை அவள். தம்பியின் புதுச்சட்டையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, தானே கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது.

"கட்! அட, நீயா?" அண்ணன் மானிட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆனா மூஞ்சி நல்லா வந்திருக்குலா. போவட்டும், இதையே வெச்சுக்குவோம்."

ஹரீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன்க்கா இப்படிச் செஞ்ச? எனக்குன்னு கெடைச்சது இது ஒண்ணுதானேக்கா."

கசங்கிய அவன் காலரை ஜெகதீஸ்வரி நீவி நீவிச் சரிசெய்தாள்.

"உனக்கு நடிக்க வராதுடா," என்றாள்.