பச்சைக் கண்ணாடியில் பார்த்த சூரியன்

என் வலது கண்ணைக் கெடுத்தது கிரகணம் அல்ல. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

தொண்ணூறுகளில் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சூரிய கிரகணத்தன்று காலை, மூடநம்பிக்கையை விட்டுவிட்டு மைதானத்துக்கு வாருங்கள் என்று மைக்கில் கூப்பிட்டவர் அவர்தான். வெல்டிங் கண்ணாடி இருந்தால் ஆபத்தில்லை என்றார். என் கையில் அவர் கொடுத்தது கேஸ் வெல்டிங்குக்குப் போடும் பச்சைக் கண்ணாடி.

"அண்ணே, கண்ணு கூசுதே, இது போதுமா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா, இதுக்கே பயந்துகினு கீற? ஊட்டுக்குள்ள போய் கதவ சாத்திக்கினு குந்து, போ."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஷத்தில் கண்ணாடியை வலது கண்ணில் வைத்து மறுபடியும் நிமிர்ந்து பார்த்தேன். கடித்த அப்பளம் போலச் சூரியன் நின்றது. அழகாகத்தான் இருந்தது. வலிக்கவே இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில், வந்த பஸ் தெரிந்தது. அதன் நம்பர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. "விழித்திரை வெந்துபோயிருக்கும்மா, அந்தக் கண்ணாடி போதாது" என்றார் கண் டாக்டர். அந்தப் புள்ளி இன்றும் போகவில்லை.

நான் வெறும் கண்ணால் பார்த்ததாகச் செயலாளர் எல்லோரிடமும் சொன்னார். "கிரகணத்துல வெளிய வந்தா இப்டித்தான்" என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். வானத்தைப் பார்த்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அன்று அவர் பார்த்தது, ஆர்க் வெல்டிங்காரர்கள் முகத்துக்கு நேரே பிடிக்கும், பச்சையைவிடப் பல மடங்கு அடர்த்தியான கருங்கண்ணாடி வழியாக. அதைத் தனக்கு வைத்துக்கொண்டு, எனக்கு ஏன் பச்சையைக் கொடுத்தார்? அதே மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லட்டும்.