புதுப் பலகையின் நெடி

ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடிபோனபோது, பார்க்க வந்த எல்லோரும் வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்து, "புது வீட்டு வாசம் அடிக்குது" என்றார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பெயின்டும் பாலீசும் பசையும் கலந்த வாசம் அது. வாடகை வீடுகளின் ஈரச்சுவர் நாற்றத்திலேயே கல்யாணமான காலம் முழுவதும் கழித்தவளுக்கு அது சொந்த வீட்டின் வாசமாகத் தெரிந்தது.

மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள். அவளுக்கென்று ஓர் அறை. தரையிலிருந்து கூரை வரை ரோஸ் நிற அலமாரி, அடியில் இழுப்பறை வைத்த கட்டில், படிக்கிற மேசை. எல்லாவற்றையும் என் கணவரே தாளில் வரைந்து, தச்சுவேலை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துச் செய்ய வைத்தார். நாலு பிள்ளைகளுக்கு ஒரே டிரங்குப்பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த அறைக்குப் போய், அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்.

ஐப்பசி மழைக்கு ஜன்னல்களை அடைத்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் எழும்போது பிள்ளையின் கண் சிவந்திருக்கும். பிறகு வறட்டு இருமல். பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல ஒரு சத்தம்.

"வீட்டுல நாய், பூனை இருக்கா? பழைய மெத்தை, தலகாணி?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர். எல்லாமே புதுசு" என்றேன். சொல்லும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

தூசி ஒத்துக்கொள்ளவில்லை, ஜன்னலை அடைத்து வையுங்கள், முடிந்தால் ஏ.சி. போடுங்கள் என்றார். உறிஞ்சும் மருந்து எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்தோம். ஜன்னல் இடுக்குகளில் துணியைக்கூடத் திணித்தேன். பிள்ளைக்கு இளைப்பு கூடிக்கொண்டேதான் போனது.

அரையாண்டு லீவுக்கு வண்டியூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அவளை அனுப்பினேன். பழைய வீடு. தெருப்புழுதி நேரே கூடத்துக்குள் வரும். அங்கே போன மறுநாளே பிள்ளை தெப்பக்குளத்தைச் சுற்றி மற்ற பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். மருந்தே தேவைப்படவில்லை. லீவு முடிந்து கூட்டிவந்தேன். தன் அறையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தாள். காலையில் மறுபடி அதே விசில் சத்தம். பொங்கலுக்கும் அப்படியே நடந்தது.

"இந்த வீட்டுலதாங்க என்னமோ இருக்கு" என்றேன்.

"அங்க பிள்ளைங்களோட வெளயாடுறா, சந்தோசமா இருக்கா. இங்க தனியாக் கெடக்கா. வேற ஒண்ணும் இல்ல" என்றார் அவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருநாள் பள்ளிச் சீருடை எடுக்க அவளுடைய அலமாரியைத் திறந்தேன். வெயில் ஏறியிருந்த நேரம். மூக்கில் சுரீரென்று ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நெடியை எங்கோ முகர்ந்திருக்கிறேன். பிளஸ் டூ விலங்கியல் ஆய்வகத்தில், தவளையும் பாம்பும் மிதக்கிற கண்ணாடி ஜாடிகளின் மூடியைத் திறந்தால் அடிக்குமே, அதேதான். சீருடையை முகர்ந்தேன். அதிலும் அது ஏறியிருந்தது. அதைத்தான் தினமும் போட்டுக்கொண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. கல்லூரி அலுவலகத்தில் என் வேலைக்கு நடுவே போனில் இதைப் பற்றியே படித்தேன். தொட்டிச்செடிகள் வாங்கி வைத்தேன். கிண்ணம் கிண்ணமாகக் கரி வைத்தேன். காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றும் வந்தது. அதில் காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிள்ளை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பாள். அது தூசியை மட்டும்தான் பார்க்கும், ஆவியாக வருவதைப் பார்க்காது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கையடக்கமான ஒரு மீட்டரும் ஆன்லைனில் வாங்கினேன். அது கடுகு தாளித்தாலும் ஏறியது, தலைக்கு எண்ணெய் வைத்தாலும் ஏறியது, தரை துடைத்தாலும் ஏறியது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கணவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது காத்த அளக்குதா, உன் பயத்த அளக்குதா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் காரணம்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். வெகுநாள் கழித்து அவளுக்குப் போன் செய்தேன். அவள் என்னைக் கேலி செய்யவில்லை. "அந்த மீட்டர நம்பாத. முறையா எடுத்துப் பாக்கலாம், நான் வாரேன்" என்றாள்.

காற்றை மெதுவாக இழுக்கிற ஒரு சின்னப் பம்ப்பும், அதில் பொருத்தும் குழாய்களும் கொண்டுவந்தாள். அடுப்பு பற்ற வைக்கக்கூடாது, ஊதுபத்தி கூடாது, தினமும் தூங்கும்போது அறையை எப்படி அடைத்து வைப்போமோ அப்படியே அடைத்து வைக்க வேண்டும் என்றாள். பிள்ளையின் அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க மொட்டைமாடியில் ஒன்று என்று காற்றைப் பிடித்தாள். குழாய்களை மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள்.

முடிவு வந்ததும் நேரிலேயே வந்தாள். கணவரும் இருந்தார்.

"ஃபார்மால்டிஹைடு. மீன்ல கலக்குறாங்கன்னு பேப்பர்ல வருமே ஃபார்மலின், அதோட ஆவிதான். மாடியில இருக்கறதவிடப் பாப்பா ரூம்புல பல மடங்கு இருக்கு."

"எங்க இருந்து வருது?" என்று கேட்டார் கணவர்.

அவள் எழுந்துபோய் அலமாரியின் இழுப்பறை ஒன்றை முழுவதுமாக உருவிக் கவிழ்த்தாள். முன்பக்கம் ரோஸ் நிற மைக்கா. பின்பக்கமும் ஓரங்களும் எதுவும் ஒட்டாமல் தவிட்டு நிறத்தில் மொட்டையாக இருந்தன. "இது மரமில்லண்ணே. மரத்தூளப் பசையில கொழச்சு அழுத்துன பலகை. அந்தப் பசையில இருந்துதான் வருது. வெக்கையும் ஈரமும் கூடுனா இன்னும் வரும். ரூம்ப அடைச்சு வெச்சா வெளிய போக வழியில்லாம உள்ளேயே சேந்துக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"போகப்போகக் கொறையும். சில பலகையில வருசக்கணக்கா வரும். இதனாலதான் பாப்பாவுக்கு இளைப்புன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா என் பிள்ளைய இதுல படுக்கவைக்க மாட்டேன்."

கணவர் இழுப்பறையை வாங்கிப் பழையபடி உள்ளே தள்ளினார். அது சரியாகப் பொருந்தி, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தோம். "ஊரே இதத்தான் போடுதுக்கா, யாரும் ஒண்ணும் சொல்லலியே. நாலு வேப்பிலைக் கொத்து உள்ள வைங்க, வாசம் போயிரும்" என்றார். பிறகு எங்கள் எண்ணைக் கண்டால் எடுப்பதில்லை.

ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டேன். மேலூர் ரோட்டுப் புழுதி வந்தது. பக்கத்துக் காலிமனையில் யாரோ தினமும் குப்பையோடு பிளாஸ்டிக்கையும் கொளுத்துவார்கள், அந்தப் புகையும் வந்தது. அடைத்தால் அலமாரி, திறந்தால் புகை. பிள்ளையைக் கூடத்தில் படுக்கவைத்தேன், சமையலறை அலமாரிகளும் அதே பலகைதான், அங்கிருந்து நாலடி தூரம். மாடிப்படியில் உட்கார வைத்தேன். சித்திரை வெயிலில் அங்கே எத்தனை நேரம் உட்காருவாள்? என் பிள்ளைக்கு ஒரு மூச்சுக் காற்று எங்கே இருக்கிறது என்று தெரியாமல், சொந்த வீட்டுக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்தேன்.

அந்தச் சித்திரையிலேயே ஒரு மத்தியானம் அவளுக்கு இளைப்பு நிற்கவில்லை. மருந்து கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குள் குழி விழுந்தது. பேச வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. ஆட்டோவில் ஏற்றினேன். "அண்ணே, வெரசாப் போங்கண்ணே" என்று கத்தினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மாட்டுத்தாவணியில் சிக்னல் விழுந்து வண்டி நின்றபோது, அவளுடைய கை என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, அவளை மீட்டுக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனோம். பிறகு அக்காவின் தெருவிலேயே ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். சொந்த வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு மறுபடியும் வாடகை வீடு. புது வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார் கணவர். எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை.

புரோக்கர் கூட்டிவந்தது ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். பிள்ளையின் அறைக்குள் போனவள் ரோஸ் நிறக் கதவைத் தடவிப் பார்த்து, "எங்க பாப்பாவுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்குக்கா" என்றாள். பிறகு மூச்சை இழுத்து, "புது வாசம் இன்னும் போகல" என்று சிரித்தாள்.

கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. இந்த வீட்டுக்கு வராத" என்றேன். பரிசோதனை, ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னேன். புரோக்கருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள்.

அவர்கள் போனதும் கணவர் கத்தினார். "அப்ப என்னதான் செய்யச் சொல்ற? குடியிருக்கவும் முடியாது, விடவும் முடியாது. கொளுத்திரவா?" நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. கடைசியில் அவர் அந்தச் சின்னக் கட்டிலில் உட்கார்ந்து, "அவளுக்காகத்தானே செஞ்சேன். பாத்துப் பாத்துச் செஞ்சேனே" என்றார். கல்யாணமாகி அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கடப்பாரை எடுத்தார். வேறு ஆளைக் கூப்பிடச் சம்மதிக்கவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவர் பெயர்க்க, நான் இழுத்து வெளியே போட்டேன். பலகை உடைகிற இடத்தில் எல்லாம் அந்த நெடி புதிதாகக் கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "மாப்ள, தூக்கிப் போடுறதுன்னா எங்கிட்டக் குடு, ஆட்டுக் கொட்டாய்க்கு ஆகும்" என்றார். கொடுக்கவில்லை. எரிக்கவும் கூடாது என்று தோழி சொல்லியிருந்தாள். கொல்லைச் சுவரோரம் அடுக்கிவைத்தோம். மழையில் ஊதி, உப்பி, அங்கேயே கிடக்கிறது.

பிள்ளையின் அறையில் சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டுகள் வந்தன, ஓர் இரும்புப் பீரோ வந்தது. சமையலறையைப் பெயர்க்க எங்களால் முடியவில்லை. அங்கே மொட்டையாக இருந்த ஓரங்களை எல்லாம் தோழி சொன்ன பூச்சால் அடைத்தோம், காற்றை வெளியேற்றும் விசிறி வைத்தோம். காலிமனையில் குப்பை கொளுத்துகிறவரைத் தேடிப்பிடித்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். சில நாள் கேட்கிறார், சில நாள் கேட்பதில்லை.

மழைக்காலம் முடிந்து தோழி மறுபடி காற்றைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லாக் கொறஞ்சிருக்கு. ஆனா இல்லாமப் போகல" என்றாள். வாடகைக்கும் வீட்டுக் கடனுக்கும் சேர்த்துக் கட்டி மாளவில்லை. திரும்பி வந்தோம்.

வந்த அன்று மத்தியானம், கல்தட்டுகளும் இரும்புப் பீரோவுமாக இருந்த அந்த அறையின் வாசலில் பிள்ளை நின்றுகொண்டாள். உள்ளே போகவில்லை.

"அம்மா, இந்த ரூம்புல மூச்சு விடலாமா?" என்று கேட்டாள்.

"விடலாம் தங்கம்" என்றேன்.

அவள் உள்ளே போய்ப் பாயில் படுத்துத் தூங்கிப்போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் சத்தம் இல்லை. கணவர் வாசலிலேயே நின்று, "எப்படி இருக்கு?" என்று கையால் கேட்டார். பரவாயில்லை என்று தலையாட்டினேன். இருந்தும் எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் போகவில்லை.